காட்டு ஆப்பிளின் பன்மையை அளப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பியக் காட்டு ஆப்பிள் குறித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். கனியும் இலையும் மரத்துக்கு மரம் வேறுபடுவது கண்ணுக்கே தெரியும்போது மூலக்கூறு குறிப்பான்கள் எதற்கு? அவற்றால் அளந்தும் மரபியல் பன்மை அதிகம் என்றே வருமானால், அந்த இனத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கனியின் பருமனும் இலையின் வடிவும் மண்ணாலும் வெயிலாலும் மரத்தின் வயதாலும் மாறக்கூடியவை. டிஎன்ஏ வரிசை அவ்வாறு மாறுவதில்லை. அந்த வரிசையில் மரத்துக்கு மரம் வேறுபடும் இடங்களே மூலக்கூறு குறிப்பான்கள். அவற்றுள் ஆப்பிள் ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் மைக்ரோசாட்டிலைட் என்பது சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டு. அவை எத்தனை முறை திரும்ப வருகின்றன என்பது மரத்துக்கு மரம் வேறுபடுவதால், அத்துண்டை பிசிஆர் முறையில் பெருக்கி நீளத்தை அளந்தால், ஒரு மரம் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற அல்லீல்களை, அதாவது அத்துண்டின் மாற்று வடிவங்களை, தனித்தனியே காணலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு என் பதில், கவலைப்பட வேண்டும் என்பதே. ஆப்பிள் பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத மரம் என்பதால் அதில் பன்மை இயல்பாகவே அதிகம். நீண்ட ஆயுள் கொண்டதாகையால், காடு சுருங்கியதன் இழப்பு கணக்கில் தெரியவரத் தலைமுறைகள் ஆகும். இன்று நிற்கும் மரங்கள் முன்பிருந்த பெரிய காட்டின் பன்மையைத்தான் காட்டுகின்றன.

இதைவிடவும் என்னை வருத்துவது கலப்பு. மத்திய ஆசியாவின் தியான்ஷான் மலைப்பகுதிக் காட்டு இனமான மாலஸ் சீவர்சியையிலிருந்து தோன்றிய தோட்ட ஆப்பிள், மேற்கே பரவியபோது ஐரோப்பியக் காட்டு ஆப்பிளின் மரபணுக்களையும் பெருமளவு சேர்த்துக்கொண்டது. 26 மைக்ரோசாட்டிலைட்டுகளைக் கொண்டு 2012-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மறுபுறம், தோட்ட மரங்களின் மகரந்தத்தைத் தேனீக்கள் காட்டு மரங்களுக்கும் கொண்டு சேர்க்கின்றன. கலப்பு மரத்தில் இரு இனங்களின் அல்லீல்களும் இருப்பதால் பன்மை எண் உயரும். காட்டு இனமோ உள்ளூரக் கரைந்துகொண்டிருக்கும். அந்த உயர்வை நல்ல செய்தியாக வாசிப்பது பெரும் பிழை.

ஆகவே, தோட்ட வகைகளையும் உடன்வைத்து ஒப்பிட்டுக் கலப்பு மரங்களை விலக்கிய பிறகே பன்மையைக் கணக்கிட வேண்டும். ஒரு மரத்தின் மரபுப் பங்கில் 0.9-க்கு மேல், அதாவது 90 விழுக்காட்டுக்கு மேல், காட்டு இனத்தைச் சேர்ந்ததாக இருந்தால் அதைத் தூயது எனக் கொள்வது வழக்கம். ஆனால் இந்த எல்லை ஆய்வாளர்கள் வசதிக்காக வகுத்துக்கொண்டது. பல தலைமுறைகளுக்கு முன் நேர்ந்த கலப்பு, குறிப்பான்கள் குறைவாக இருந்தால், இதில் சிக்காமல் தப்பிவிடும். மாதிரி மரங்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் வேறுபட்டால் அதையும் சமன்செய்துவிட்டே அல்லீல் வளத்தை, அதாவது எத்தனை வகை அல்லீல்கள் உள்ளன என்பதை, ஒப்பிட வேண்டும்.

மறுநடவுக்கு விதை சேகரிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். தாய் மரம் தூயது என்று குறிப்பான்கள் உறுதிசெய்தாலும், அதன் கனியிலுள்ள விதைக்குத் தந்தை அருகிலுள்ள பழத்தோட்டத்து மரமாக இருக்கக்கூடும். எனவே நாற்றுகளையும் அதே குறிப்பான்களால் சோதித்த பிறகே காட்டில் நட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்