தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாமா? – வாகனக் கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார். டவுனுக்குள் நெரிசலில் நின்றால் ஹீட் முள் ஏறுகிறது. மெக்கானிக், "தெர்மோஸ்டாட் வால்வு ஜாம் ஆயிடுச்சு சார். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்ல, கழட்டிப் போட்டுடுறேன், காசு மிச்சம்" என்கிறார். கழற்றலாமா? – வாசகர், மதுரை

பதில்: கழற்ற விடாதீர்கள். பட்டறைக்குப் பட்டறை இந்த வைத்தியத்தைச் சொல்கிறார்கள். சொல்பவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படிச் செய்திருப்பார், அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சின்ன உலோகக் குப்பியில் மெழுகு அடைத்திருக்கும். கூலண்ட் 82 அல்லது 88 டிகிரியை எட்டும்போது மெழுகு உருகி விரியும். ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு வால்வு திறந்து, கூலண்டை ரேடியேட்டருக்கு விடும். எத்தனை டிகிரியில் திறக்கும் என்பதைப் பெரும்பாலும் அதன் தட்டிலேயே பொறித்திருப்பார்கள். வெளியே 40 டிகிரி வெயில் கொளுத்தினாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும். 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்து ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் அடிவாங்கும். ஸ்கேனர் போட்டால் பி0128 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டும். எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பல எஞ்சின்களில் இந்த வால்வுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது கீழ்த் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். முழுசாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். ஹீட் குறையட்டும் என்று கழற்றிய வண்டி, கொடைக்கானல் மலை ஏறும்போது இன்னும் மோசமாகக் கொதிக்கும்.

அதைவிட, உங்கள் வண்டிக்குக் கோளாறு தெர்மோஸ்டாட்தானா என்பதே எனக்குச் சந்தேகம். நெரிசலில் மட்டும் ஹீட் ஏறி, பைபாஸ் சாலையில் ஓட்டினால் முள் இறங்குகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ். ஓடும்போதும் ஹீட் ஏறினால்தான் தெர்மோஸ்டாட், அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று போக வேண்டும்.

கழற்றிய வால்வைச் சோதிக்க அடுப்படி போதும். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியில் படக்கூடாது. கூடவே ஒரு தெர்மாமீட்டர். பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட்டால் வால்வு நல்லாயிருக்கிறது. தளதளவென்று கொதித்தும் அசையவில்லையென்றால் மாற்றுங்கள். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம், கூலண்ட் விஷம்.

கேள்வி: தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் (அது உட்காரும் கூட்டில்) கூலண்ட் கசிகிறது. கம்பெனி அசெம்பிளி ஒரு விலை, வெளிக்கம்பெனி பார்ட் அதில் பாதி, புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் அதிலும் பாதி. எதை வாங்குவது? – வாசகி, குரோம்பேட்டை

பதில்: புதுப்பேட்டையில் கதவு வாங்குங்கள், பம்பர் வாங்குங்கள், ஹெட்லைட் வாங்குங்கள். பிளாஸ்டிக் ஹவுசிங் மட்டும் வேண்டாம். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் உள்ளுக்குள் மொறுமொறுத்துப் போயிருக்கும். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். போல்ட்டை முறுக்கும்போது அது மாட்டும் காது உடைந்து கையோடு வரும்.

முதலில் கசிவு எங்கிருந்து என்று பாருங்கள். கசிந்த கூலண்ட் காய்ந்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் இடம் தெரிந்துவிடும். இரண்டு பாகமும் சேரும் விளிம்பில்தான் பொருக்கு என்றால் அங்கே உள்ள ரப்பர் ஓ-ரிங் போயிருக்கும். பழைய ரிங்கை எடுத்துப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது அமுங்கித் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் கெட்டியாகியிருக்கும். அதற்குப் புது ரிங் ஒன்று போதும், சில்லறைச் செலவு. ஹவுசிங்கிலேயே விரிசல் விழுந்திருந்தால் முழு அசெம்பிளி. பல புது மாடல்களில் வால்வும் ஹவுசிங்கும் ஒரே துண்டு, தனியாகக் கேட்டாலும் கிடைக்காது.

கம்பெனி பார்ட்டா வெளிப் பார்ட்டா என்றால், விலை கட்டுப்படியானால் கம்பெனி பார்ட். வெளியே வாங்கினால் பேர்போன தயாரிப்பாக இருக்கட்டும்: கேஸ்கட்டில் (இரண்டு பாகத்துக்கு நடுவே கசியாமல் வைக்கும் தகடு) டால்ப்ரோஸ், பாங்கோ, விக்டர் ரைன்ஸ், தெர்மோஸ்டாட்டில் மாலே, வாலர். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இவை கிடைக்கும். கடைக்குப் போகும்போது ஆர்சி புத்தகத்தின் படத்தை போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் பார்ட் மாறும். சேசிஸ் நம்பரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். புதுசில் உள்ள டிகிரியும் பழையதில் உள்ள டிகிரியும் ஒன்றா என்று கவுன்டரிலேயே ஒத்துப்பாருங்கள். "76 போடுங்க, கூலா ஓடும்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம்-வருடம், எம்ஆர்பி, புகார் தொடர்பு எண் இவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ம் வருட எடையளவு பொட்டல விதி. ஹோலோகிராம் மட்டும் மின்னி, இவை இல்லாத டப்பா டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, வாகன உதிரிபாகங்களுக்கு 22 செப்டம்பர் 2025 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். பில்லில் இன்னும் 28 இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: கேஸ்கட்டுக்குப் பதில் அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) பேஸ்ட் போட்டால் ஆகாதா? – வாசகர், சேலம்

பதில்: பேஸ்ட்டுக்கென்றே செய்த இடத்தில் பேஸ்ட், ரப்பர் ரிங் உள்ள இடத்தில் வெறும் ரிங். ரிங்குக்கு மேல் பேஸ்ட் பூசினால் ரிங் வழுக்கி நகரும். வெளியே பிதுங்கும் பேஸ்ட்டை நீங்கள் பார்க்கிறீர்கள், அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, உதிர்ந்து, ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். பேஸ்ட் போட்டே ஆக வேண்டுமென்றால் மெல்லிசாக இழுத்து, முழுசாக இறுக ஒரு நாள் விட்டு, பிறகு கூலண்ட் ஊற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் வண்டியை எடுத்துக்கொடுக்கும் பட்டறையில் இந்த வேலை வேண்டாம்.

கேள்வி: பச்சைக் கூலண்ட் இருந்த வண்டியில் சிவப்பு ஊற்றலாமா? போர் தண்ணீர் கலக்கலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அது. வகை தெரியாமல் கலந்தால் துருத் தடுப்பு மருந்துகள் ஒன்றையொன்று கெடுத்துவிடும். போர் தண்ணீர் கூடவே கூடாது, உப்புப் படியும். தெர்மோஸ்டாட் மாற்றும்போது எப்படியும் கூலண்டில் ஒரு பகுதி இறங்கும். அத்தோடு முழுசாக மாற்றிவிடுங்கள். கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், ரெடி-மிக்ஸ் என்றால் அப்படியே. ஊற்றியபின் ஏர் எடுக்காமல் வண்டியை வாங்காதீர்கள். தெர்மோஸ்டாட்டில் குட்டி ஊசி போல ஆடும் வால்வு இருந்தால், அது மேல்பக்கம் வருமாறு மாட்டினால்தான் காற்று வெளியேறும்.

கேள்வி: ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லிப் பெரிய எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஆயில் மூடியைத் திறந்து அடியில் வெள்ளையாகக் காட்டினார்கள். நம்பலாமா? – வாசகர், கோவை

பதில்: எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே உள்ளதுதான் ஹெட் கேஸ்கட். அது போனதற்கு மூடி மட்டும் சாட்சியாகாது. தினம் இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் வண்டியில் ஈரம் படிந்து மூடியடியில் வெள்ளை தட்டுவது சகஜம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயிலே பால் டீ நிறத்துக்கு வந்திருந்தால் விஷயம் பெரிது. கசிவு எதுவும் தெரியாமல் கூலண்ட் குறைவது, ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழ் வருவது, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருக்க வேண்டும். நிச்சயமாகத் தெரிய, ரேடியேட்டர் வாயில் வைத்துச் செய்யும் கெமிக்கல் டெஸ்ட் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் நீல திரவம் மஞ்சளாக மாறும். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன் அதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே போயிருந்தால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடினால் மறுபடி போகும். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி வளைவு பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் அனுமதி 0.05 மில்லிமீட்டர் அளவுதான். மீறினால் ஃபேசிங், அதாவது தளத்தைச் சீவிச் சமன்செய்ய வேண்டும். மறுபடி போடக்கூடாத ரகம் என்றால் ஹெட் போல்ட்டும் புதுசு. ஹெட்டைக் கொதிக்க வைத்த காரணத்தையும், தெர்மோஸ்டாட்டோ ஃபேனோ எதுவானாலும், அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

பார்ட் தனி, லேபர் தனி, வாரண்டி எத்தனை மாதம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் வேலை சரியில்லையென்று தகராறு வந்தால் அவைதான் ஆதாரம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.