கர்ப்ப காலத்தில் அலுவலகத்துக்குப் போட்டுப்போக, கால் கடிக்காத ஷூவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆறாவது மாதம் நடக்கிறது, அலுவலகத்தில் முன்பக்கம் மூடிய ஃபார்மல் ஷூதான் போட வேண்டும், இருக்கிற ஷூ எல்லாம் மத்தியானத்துக்கு மேல் கடிக்கிறது, ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளைச் சுமந்த காலத்திலும் நின்றுகொண்டே வகுப்பெடுக்கும் வேலையில் இருந்தவள் நான். சைஸை ஏற்றுவது பாதித் தீர்வுதான் என்பேன். காலையில் ஒரு அளவும் மாலையில் ஒரு அளவுமாக இருக்கிற காலுக்கு ஏற்றபடி தளர்த்தவும் இறுக்கவும் முடிகிற ஷூவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காலுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கடையில் தடுமாற வேண்டியிருக்காது. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. வளர்கிற கருப்பையோ, கால்களிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய சிரையை அழுத்துகிறது. அதனால் நீர் பாதத்திலும் கணுக்காலிலும் தங்கிவிடுகிறது. ராத்திரி படுத்து எழுந்தால் வடியும், சாயங்காலம் மறுபடி ஏறும், வெக்கையான நாட்களில் இன்னும் கூடும். இது தினசரி நடப்பது.

இன்னொன்று மெதுவாக நடப்பது. பிரசவத்துக்கு இடுப்பைத் தயார்படுத்தும் ஹார்மோன்கள் மூட்டுகளைக் கட்டியிருக்கும் தசைநார்களை இளக்குகின்றன, அதில் பாதமும் அடக்கம் என்பது மருத்துவர்கள் சொல்லும் விளக்கம். கூடவே எடை ஏறுகிறது. சராசரி உடல்வாகு உள்ளவர்களுக்கு 11 முதல் 16 கிலோ வரை ஏறுவது இயல்பு. இரண்டும் சேர்ந்து உள்ளங்கால் வளைவைக் கீழே தள்ளுவதால் பாதம் நீண்டு, அகன்று போகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 49 பெண்களின் பாதங்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலும், பிரசவமாகிச் சில மாதங்கள் கழித்தும் அளந்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 60 முதல் 70 சதவீதம் பேருக்குப் பாதம் நீண்டுவிட்டிருந்தது, 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை. முதல் கர்ப்பத்தில்தான் இந்த மாற்றம் அதிகம் என்றும் அதில் தெரிந்தது. என் கதையும் அதுதான்: முதல் பிள்ளைக்குப் பிறகு அரை சைஸ் கூடியது அப்படியே நின்றுவிட்டது, இரண்டாவதில் எதுவும் மாறவில்லை.

சரி, ஒரு சைஸ் ஏற்றினால் ஏன் போதாது? சைஸ் ஏறும்போது நீளம் கூடுகிற அளவுக்கு அகலம் கூடுவதில்லை. உங்களுக்கு வீங்குவதோ பக்கவாட்டிலும் மேல்பாதத்திலும். பெரிய சைஸில் குதிகால் கழன்று கழன்று வரும், அதைப் பிடித்துவைக்க விரல்கள் மடங்கும், ஆனால் மேல்பாதம் இறுக்கிக்கொண்டேதான் இருக்கும். வயிறு முன்னால் வந்து நடையே மாறியிருக்கும் நேரத்தில் கழலுகிற ஷூ தடுக்கி விழ வைக்கும். அதனால் அரை சைஸுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால், அதே ஷூ அகலமான அளவில் வருகிறதா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் அகலத்துக்குத் தனி அளவு வைத்திருக்கின்றன, பெட்டியின் ஓரத்தில் எழுத்தாலோ எண்ணாலோ குறித்திருப்பார்கள். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இனி எந்த மாதிரி ஷூ என்பது. என் ஓட்டு மேல்பாதத்தில் குறுக்கே பட்டை வருகிற மேரி ஜேன் வகைக்கு. பட்டை வெல்க்ரோவாக இருந்தால் நல்லது, பக்கிள் என்றால் துளைகள் நிறைய இருக்க வேண்டும். பார்க்க ஃபார்மலாகவும் இருக்கும், மூன்று மணிக்கு மேஜைக்கு அடியிலேயே காலை நீட்டி ஒரு சுற்று தளர்த்திவிடலாம். லேஸ் வைத்த தோல் ஷூதான் பிடிக்கும் என்றால் டெர்பி வகையைக் கேளுங்கள், ஆக்ஸ்ஃபோர்டு வேண்டாம். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டெர்பியில் லேஸ் கோர்க்கும் இரண்டு மடல்களும் மேலே தனியாகத் தைக்கப்பட்டிருப்பதால் லேஸைத் தளர்த்தினால் நன்றாக விரிந்து கொடுக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் அந்த மடல்கள் முன்பகுதிக்கு அடியில் வைத்துத் தைத்திருப்பதால் ஓரளவுக்கு மேல் விரியாது. லேஸுக்குப் பதில் எலாஸ்டிக் லேஸ் மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் குனிந்து கட்ட வேண்டியதில்லை. மேல்பாதம் வீங்கும் இடத்துக்கு நேராக உள்ள துளைகளை விட்டுவிட்டு லேஸைக் கோர்த்தால் அங்கே அழுத்தமும் குறையும்.

லேஸோ பட்டையோ இல்லாமல் காலை நுழைத்து மாட்டுகிற லோஃபரைப் பலர் சிபாரிசு செய்வார்கள், மாட்டுவது சுலபம் என்பதால். ஆறாவது, ஏழாவது மாதம் வரை சரிதான். அதற்கப்புறம் வீக்கம் ஏறினால் தளர்த்த ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்தது கிடைத்தால் மட்டும் வாங்கலாம். பின்பக்கம் திறந்திருக்கும் மியூல், ஸ்லைடு வகைகள் வேண்டவே வேண்டாம்.

ஹீல்ஸ் கூடாது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் எல்லோரும் அதற்கு எதிர்க்கோடிக்குப் போய் அட்டை மாதிரி தட்டையான பெல்லி ஷூ வாங்குகிறார்கள், அது எனக்கு ஒப்புதல் இல்லை. சோல் மெல்லியதாக, குதிகாலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் இருந்தால் உள்ளங்காலின் அடித்தசை இழுபடுகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுருக்கென்று குத்துகிறதே, அந்த வலியை இந்த மாதிரி ஷூ அதிகமாக்கும். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உயரமுள்ள அகலமான அடிக்குதிகால்தான் பெரும்பாலானவர்களுக்கு வசதி. அதற்கு மேல் போனால் உடம்பின் எடை முன்பாதத்துக்குப் போய், ஏற்கெனவே வளைந்திருக்கும் முதுகு இன்னும் வளையும்.

கடையில் மெத்தென்று இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெத்து மெத்தென்ற நுரை பல ஷூக்களில் சில வாரங்களில் அமுங்கி மட்டமாகிவிடும். ஷூவைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்ல ஷூ, நடுவில் மடங்கினால் உள்ளங்கால் வளைவுக்கு அது எந்தத் தாங்கலும் தராது. துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள், லேசாகத்தான் முறுக வேண்டும். குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை அமுக்கினால் குழையாமல் நிற்க வேண்டும். சோல் ரப்பராக, வரி வரியாக வெட்டியிருக்க வேண்டும். பளபளப்பான தரையில் வழுக்குகிற சோலை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பக் கொடுத்துவிடுங்கள். மேல்பகுதி மென்மையான தோலாகவோ நெகிழ்ந்து கொடுக்கும் துணியாகவோ இருக்கட்டும். ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் விரியாது, வியர்வையையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

கடைக்கு வேலை முடிந்த பிறகு போங்கள். காலையில் பொருந்துகிற ஷூ வேறு, மாலையில் பொருந்துகிற ஷூ வேறு. நீங்கள் தாண்ட வேண்டியது மாலையைத்தான். நின்றுகொண்டே இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள், பெரிய கால் எதுவோ அதற்கு வாங்குங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும், எது நீளமோ அதற்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். உள்ளே போட்டிருக்கும் இன்சோலை உருவ முடிந்தால் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல் என்று அப்போதே தெரிந்துவிடும், போட்டு நடந்து பார்க்க வேண்டிய வேலைகூட இல்லை. இன்சோலை உருவ முடிகிற ஷூவில் இன்னொரு லாபம், நாள் போகப் போக இடம் பற்றாவிட்டால் மெல்லியதாக மாற்றிக்கொள்ளலாம். கடைசியாக, உட்கார்ந்து, யார் உதவியும் இல்லாமல் நீங்களே மாட்டிப் பாருங்கள். ஒன்பதாவது மாதத்தில் சொந்தக் கால் கண்ணுக்கே தெரியாது. குதிகாலை ஷூவுக்குள் வழுக்கி இறக்க உதவும், கைப்பிடி நீளமான ஷூ ஹார்ன் ஒன்று அப்போது பெரிய துணை.

ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், சாயங்காலம் ஒரு தாளில் நின்று பாதத்தை வரைந்து, நீளத்தையும் அகலத்தையும் அளந்து, நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்ப முடிகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். வந்ததும் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்த பிறகு வெளியே எடுங்கள்.

அலுவலக விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலதிகாரியிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: லோகோ, வெள்ளை சோல் எதுவும் இல்லாத முழுக் கறுப்பு வாக்கிங் ஷூ போட்டுக்கொள்ளலாமா என்று. பேன்ட்டுக்கோ நீளமான உடைக்கோ கீழே அது ஃபார்மல் ஷூ மாதிரிதான் தெரியும், மீட்டிங்கில் யாரும் மேஜைக்குக் கீழே குனிந்து பார்ப்பதில்லை. தயங்கினால் மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள். நின்றே வேலை பார்ப்பவர்கள், அதாவது டீச்சர், நர்ஸ், கவுன்ட்டரில் நிற்பவர்கள், இந்த அனுமதியைக் கேட்கவே வேண்டும் என்பேன். தொழிற்சாலையில் பாதுகாப்பு ஷூ போடுபவர்கள் நிலைமை வேறு. முன்னால் உள்ள கடினமான தொப்பி துளிகூட விரியாது. அகலமான அளவில் புது ஜோடி கேட்டு வாங்குவதுதான் வழி. அதற்குப் பதிலாகச் சாதாரண ஷூ போட்டுச் சமாளிக்கக் கூடாது.

ஷூ மட்டும் மாறினால் வீக்கம் போகாது. இடையிடையே எழுந்து நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலைச் சுழற்றுங்கள், முடிந்தபோது காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வையுங்கள். வீங்குகிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம். மேல்விளிம்பு தடம் பதிக்கிற சாக்ஸைத் தூக்கிப் போடுங்கள். அழுத்தம் தருகிற கம்ப்ரஷன் சாக்ஸ் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாக உதவும், மருத்துவரிடம் கேட்டு வாங்கி, வீக்கம் ஏறும் முன் காலையிலேயே மாட்டிவிட வேண்டும். அதையும் போட்டுக்கொண்டுதான் ஷூ அளவு பார்க்க வேண்டும்.

எல்லா வீக்கத்தையும் ஷூவின் மேல் பழி போட்டுவிட முடியாது, இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். முகமோ கையோ திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, இவை ரத்த அழுத்தம் ஏறுகிற ப்ரீஎக்லாம்ப்சியாவின் அறிகுறியாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியோ சூடோ சிவப்போ இருந்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். இரண்டுக்கும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எத்தனை ஜோடி வாங்குவது என்றால், முடிந்தால் இரண்டு. ஒன்று காயும்போது இன்னொன்று. ஆனால் விலையுயர்ந்தது எதையும் இப்போது வாங்காதீர்கள். பிரசவம் ஆன முதல் சில நாட்களில் வீக்கம் குறைவதற்குப் பதில் கொஞ்சம் கூடுவதும் உண்டு, வடிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழைய ஷூக்களை அதுவரை பெட்டியில் போட்டு வையுங்கள், சில மாதம் கழித்து மாலை நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது தங்கும், எதைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துகொள்ளலாம்.