தார் எத்தனை டன்? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்

பாலக்கோடு: மாங்கூழ் குடோனுக்கு 200 அடி நீளம், 12 அடி அகலப் பாதை. 2 அங்குலம் தார் போடணும். ஹாட்மிக்ஸ் (பிளான்ட்டில் சூடாக் கலந்து வர்ற தார்-ஜல்லிக் கலவை) எவ்வளவு சொல்லணும், சார்?

நீங்க சொல்ற 2 அங்குலம் ரோலர் ஓடி அமுங்கினதுக்கு அப்புறம் நிக்கிற கனமான்னு முதல்ல தெளிவு பண்ணிக்கோங்க. கணக்கு எப்பவும் அமுங்கின கனத்துக்குத்தான்.

அமுங்கின கலவை கனமீட்டருக்குச் சுமார் 2.35 டன். நம்ம அளவில் சொன்னா, ஒரு சதுர அடிக்கு ஒரு அங்குலத்துக்கு 5.55 கிலோ. 2400 சதுர அடி, 2 அங்குலம்: 26.6 டன். சேதாரம் 5 சதவீதம் சேர்த்தா 28 டன்.

இது அடித்தளம் சமமா இருந்தா. பத்தடிக்கு ஒருதரம் நூல் கட்டி, நூலுக்கும் தரைக்கும் உள்ள ஆழத்தை அளந்து சராசரி எடுங்க. சராசரியா 5 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தாலே 2.6 டன் கூடுதலா விழுங்கும். பள்ளத்தை ஜல்லியில் சரிசெஞ்சுட்டுத் தார் போடுறது மலிவு.

இன்னொண்ணு: கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருப்புக் கல் ஜல்லி, சாதா கிரானைட் ஜல்லியைவிட எடை கூட. பிளான்ட்டில் கலவை வடிவமைப்பு அடர்த்தியைக் கேட்டு வாங்கி, 2.35 இருந்த இடத்தில் அதைப் போடுங்க.

அரூர்: அந்த 28 டன்னுக்கு எத்தனை டிரம் தார் வாங்கணும்?

கலவைக்குள்ள ஒண்ணும் வேண்டாம். தோராயமா 5 சதவீதம், அதாவது 1.4 டன் தார், அதிலேயே இருக்கு. தனியா வாங்க வேண்டியது அடியில் ஒட்டுறதுக்குத் தெளிக்கிற எமல்ஷன், அதாவது தண்ணியில் கரைச்ச மாதிரி கலந்த தார். பழைய தார் மேல சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ, இந்தப் பாதை 223 சதுர மீட்டர், ஏறக்குறைய 56 கிலோ. புது ஜல்லித் தளம்னா முதல்ல பிரைமர் (ஜல்லிக்குள்ள ஊறுற தார்த் தெளிப்பு), சதுர மீட்டருக்கு 0.7 முதல் 1 கிலோ, அது காய்ஞ்சப்புறம் இந்தத் தெளிப்பு. பழுப்பா இருக்கிற எமல்ஷன் கறுப்பா மாறின பிறகுதான் கலவை கொட்டணும்.

பர்கூர்: அண்ணே, 2400 சதுர அடி, 2 அங்குலம், 400 கன அடி. யூனிட்டுக்கு 100 கன அடி, 4 யூனிட்னு சொன்னா முடிஞ்சுது. எதுக்கு டன்னு?

முடியாது. அந்த 400 கன அடி அமுங்கின பின்னாடி. டிப்பரில் வர்றது உதிரி. உதிரிக் கலவை அமுங்கினதைவிடக் கால் பங்கு அதிக இடம் பிடிக்கும். 4 யூனிட் இறக்கினா 160 அடியில் தீர்ந்துடும், மிச்சம் 40 அடி வெறும் ஜல்லி.

பர்கூர்: ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் யூனிட்லதானே ஓடுது? லாரிக்காரனுக்கு டன்னெல்லாம் தெரியாதுங்க.

ஜல்லியும் ரோலருக்கடியில் அமுங்கத்தான் செய்யுது. குறைஞ்சா மறுநாள் ஒரு லோடு இறக்கிக்கலாம். ஹாட்மிக்ஸ் அப்படியில்ல, குறையுற இடத்தில் ஒட்டு விழும், அந்த ஒட்டில்தான் முதல்ல தண்ணி இறங்கும். லாரிக்காரருக்கு டன் தெரியாட்டி எடைமேடைக்குத் தெரியும். காலி வண்டியையும் எடை போட்டுச் சீட்டு வாங்குங்க.

போச்சம்பள்ளி: ஒரு அங்குலம் போதுமா? 20 மில்லிமீட்டர் ஜல்லிக் கலவை கிடைக்குது.

போடாதீங்க. கனம் பெரிய கல்லின் அளவைப்போல இரண்டரை மடங்காவது வேணும். இல்லாட்டி கல்லு உருண்டு தளம் கிழியும்.

தேன்கனிக்கோட்டை: மார்கழிக் காலையில் போடலாமா?

வெயில் ஏறட்டும். விஜி-30 ரகத் தார்க் கலவை கொட்டும்போது 140 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, 90க்கு இறங்குறதுக்குள்ள ரோலர் முடிஞ்சிருக்கணும். வண்டிக்குத் தார்ப்பாய் கட்டாயம்.

பென்னாகரம்: டன் ரேட் என்ன சார்?

பிளான்ட்டில் கேளுங்க. தார் விலை மாறிக்கிட்டே இருக்கும்.

ஊத்தங்கரை: 100 அடி, 10 அடி, 2 அங்குலம். எத்தனை டன்?

மேலே 5.55 இருக்கு. நீங்களே பெருக்குங்க.

காவேரிப்பட்டணம்: 60க்கு 20, ஒன்றரை அங்குலம், எவ்வளவு?

இதுவும் அதே பெருக்கல்தான். அமுங்கின கனம்னு நினைவிருக்கட்டும்.

பர்கூர்: சரிண்ணே, 28 டன்னை யூனிட்ல சொன்னா 5¼ வருதா?

உதிரியா, கனமீட்டருக்கு 1.88 டன் வெச்சுப் பார்த்தா வருது. ஆனா 5¼ யூனிட்னு ஆர்டர் சொல்லாதீங்க. வர்ற வழியில் குலுங்கிக் குறையும், சண்டைதான் மிஞ்சும். சீட்டில் 28 டன்னுன்னே எழுதி வாங்குங்க.