ஆர்டுயினோவில் வீட்டு கரண்ட்டை அளக்கலாமா: கேள்வி பதில்

வயரை வெட்டாமல் வீட்டின் மொத்தக் கரண்ட்டை ஆர்டுயினோ ஊனோவில் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) அளக்க முடியுமா?

தாராளமாக. கவ்வி மாதிரித் திறந்து மூடும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்று வாங்குங்கள். எஸ்.சி.டி.-013-000 சுலபமாகக் கிடைக்கும். இன்சுலேஷனுக்கு மேலேயே மாட்டலாம், செம்பைத் தொடும் வேலையே இல்லை. வயரில் 100 ஆம்பியர் ஓடினால் இது 50 மில்லிஆம்பியர் தரும். 100 என்பது ஆர்.எம்.எஸ். கணக்கு (ஏ.சி.க்கு எடுக்கும் ஒருவகைச் சராசரி), உச்சத்தில் 141, அப்போது சி.டி.யில் 70.7 மில்லிஆம்பியர். ஊனோவின் 5 வோல்ட்டில் பாதியை நடுப்புள்ளியாக வைத்தால், சி.டி.யின் இரு முனைகளுக்கும் குறுக்கே போடும் ரெசிஸ்டருக்கு, 2.5 வோல்ட்டை 0.0707 ஆல் வகுத்து 35 ஓம் வருகிறது. கடையில் 33 ஓம் கேளுங்கள். 3.3 வோல்ட் போர்டு என்றால் 22. நடுப்புள்ளிக்கு இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போதும், கூடவே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

முதலில் ரெசிஸ்டர், அப்புறம்தான் வயரில் கவ்வ வேண்டும். ரெசிஸ்டர் இல்லாத சி.டி.யில் வோல்ட்டேஜ் எகிறும்.

33 ஓம் போட்டேன், ரீடிங் ரொம்பக் குறைவு.

சி.டி. மேல் 30A/1V என்று இருக்கிறதா பாருங்கள். அதற்குள்ளேயே ரெசிஸ்டர் உண்டு. உங்களுடையதைக் கழற்றுங்கள்.

சி.டி.யை மிக்ஸி வயரில் மாட்டினால் பூஜ்யம்தான் காட்டுகிறது.

போவதும் வருவதும் ஒரே வயருக்குள் இருக்கிறதே, ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஃபேஸ் வயரை மட்டும் கவ்வுங்கள்.

ஏ.சி.எஸ்.712 என்ற கரண்ட் சென்சார் சிப் விலை குறைவு. அது போதாதா?

அதற்கு வயரை வெட்டி, கரண்ட்டை அந்தச் சின்னப் போர்டு வழியாகவே விட வேண்டும். சிப்புக்குள் மெயின்ஸுக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவே மின் தடுப்பு இருப்பது உண்மைதான். ஆனால் போர்டைத் திருப்பினால் ஸ்க்ரூ டெர்மினலின் ஈயப் பற்று மூடாமல் நிற்கும், அதில் 230 வோல்ட். தவிர, 30 ஆம்பியர் மாடல் ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட்தான் தரும். 9 வாட் எல்.இ.டி. பல்பு இரைச்சலில் காணாமல் போய்விடும். 12 வோல்ட் பேட்டரியில் வைத்துப் பழக நல்லது.

நியூட்ரலில் ஒரு ஷன்ட் (கரண்ட் ஓடும் வழியிலேயே வைக்கும் சின்ன ரெசிஸ்டர்) வைத்து, ஆர்டுயினோ கிரவுண்டை அதில் கொடுத்தால்? நியூட்ரல் ஷாக் அடிக்காதே.

வேண்டவே வேண்டாம். டூ-பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் உங்கள் நியூட்ரல் ஃபேஸ் ஆகிவிடும். அந்தக் கிரவுண்டிலிருந்து யு.எஸ்.பி. கேபிள் நேராக லேப்டாப்புக்குப் போகிறது.

ஸ்மார்ட் பிளக்கில் அப்படித்தானே செய்கிறார்கள்? (அதே நண்பர்)

செய்கிறார்கள். எச்.எல்.டபிள்யூ.8012 மாதிரி மின்சாரம் அளக்கும் சிப் போட்ட பலவற்றில் உள்ளே இருக்கும் சர்க்யூட் முழுவதும் மெயின்ஸோடு ஒட்டியே கிடக்கும். அதனால்தான் பிளாஸ்டிக்கில் மூடி, வை-ஃபையில் மட்டும் பேச வைக்கிறார்கள். உங்கள் சர்க்யூட் மேஜையில் திறந்து கிடக்கும், அதில் யு.எஸ்.பி. வேறு.

எங்கள் வீட்டு வயரிங் சரியாக இருக்கிறது. டெஸ்டர் வைத்தே பார்த்துவிட்டேன். (மறுபடி அவரே)

இன்று சரி. நாளை மெயின் போர்டில் நியூட்ரல் லூஸானால்? ஓடும் ஃபேன் வழியாக ஃபேஸ் அந்த நியூட்ரலுக்கு வந்துவிடும். சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிவதைப் பார்த்த வயர்மேனைக் கேளுங்கள், சொல்வார். இதற்கு மேல் நீங்கள் வாதாடலாம், நான் வரவில்லை.

பி.இசட்.இ.எம்.-004டி என்ற மின்சாரம் அளக்கும் போர்டில் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் தடுப்பு) இருக்கிறதே, அதை யு.எஸ்.பி.யில் இணைக்கலாமா?

இது நல்ல கேள்வி. அதன் சீரியல் பின்கள் தனிமைப்படுத்தப்பட்டவை, எனவே இணைக்கலாம். வோல்ட்டேஜ் டெர்மினல் இருக்கும் பாதி மட்டும் லைவ். பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

ஆம்பியரை 230 ஆல் பெருக்கினால் ஈ.பி. மீட்டரோடு ஒத்துப்போகவில்லை.

ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றிலும் கரண்ட் வோல்ட்டேஜுக்குப் பின்தங்கி வரும். அந்தந்தக் கணத்து வோல்ட்டேஜையும் கரண்ட்டையும் பெருக்கி, பிறகு சராசரி எடுங்கள். வோல்ட்டேஜை அளக்க இசட்.எம்.பி.டி.101பி என்ற சென்சார் இருக்கிறது. 230 என்று நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள், மாலையில் அளந்து பாருங்கள்.

ஈ.பி. மீட்டருக்கு முன்னால் வரும் வயரில் கவ்வலாமா?

அது வாரியத்தின் வயர். கை வைக்காதீர்கள்.

ஷன்ட் ரெசிஸ்டர் எத்தனை ஓம் போடுவது?

ஷன்ட்டே வேண்டாம் என்றேனே, மேலே படியுங்கள்.

ஈ.எஸ்.பி.32-இல் (வை-ஃபை உள்ள போர்டு) வை-ஃபை இணைந்ததும் சி.டி. ரீடிங் நின்றுவிடுகிறது.

வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் இரண்டு பகுதிகளில் ஏ.டி.சி.2-இன் பின்னில் கொடுத்திருப்பீர்கள், வை-ஃபை ஓடும்போது அது சரியாக வேலை செய்யாது. 32 முதல் 39 வரையிலான பின் ஒன்றுக்கு மாற்றுங்கள். சி.டி. என்பதால் லேப்டாப்பில் செருகியே சோதிக்கலாம்.