நெற்றிப் பட்டி சொல்லும் களைப்பு: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: மகள் உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள். ரியூசன் வாசலில் ஒருவர் நெற்றியில் கட்டும் பட்டி விற்றார், மூளை களைத்தால் போனில் காட்டுமாம். 38,000 ரூபா கொடுத்தேன். விடிய எழும்பிச் சாமி கும்பிடும்போதே '82 வீதம் களைப்பு' என்கிறது, மாங்காய் கடித்தால் 'உற்சாகம்' என்கிறது. காசு திரும்புமா? (ஒரு தாய், கிளிநொச்சி)

பதில்: அம்மா, பட்டி படிக்கும் மூளையின் மின் அலை பொய் இல்லை, விற்ற கதைதான் பொய். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1924இலேயே மனித மூளையின் மின் அலையைப் பதிந்துவிட்டார். நெடுநேரம் மூளையைப் போட்டுப் பிழிந்தால், நெற்றிப் பக்கம் வினாடிக்கு 4 முதல் 8 தடவை ஆடும் தீட்டா அலை கூடும், 8 முதல் 13 வரையான அல்பாவும் பெரும்பாலும் கூடும். இரண்டையும் கூட்டி, இன்னும் வேகமாக ஆடும் பீட்டா அலையால் பிரித்து ஒரு கணக்குப் போடுவார்கள், அது கூடினால் களைப்பு என்று எடுப்பார்கள். ஆனால் அல்பா கண்ணை மூடினாலே எழும்பும், களைப்பே தேவையில்லை. பிள்ளை கண்ணை மூடிக் கும்பிட்டிருப்பாள், அதுதான் 82. மாங்காய் கடித்தபோது தாடைத் தசையின் மின்சாரம் பீட்டாபோல உள்ளே புகுந்திருக்கும், அதுதான் உற்சாகம்.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த 'வீதம்' என்ற சொல்லில். எதில் வீதம்? ஆய்வுகூடத்தில் தலை முழுக்கப் பசை தடவி, அலையைப் பிடிக்கும் முனைகள் ஒரு டசினுக்கு மேல் வைத்து, கண் சிமிட்டலைக் கழித்து, அதே ஆள் அன்று ஆறுதலாக இருந்தபோது எடுத்த பதிவோடுதான் ஒப்பிடுவார்கள். ஆளுக்கு ஆள் அலை வேறு. உங்கள் மகளின் மூளையை முன்பின் பார்த்திராத பட்டி, யாரோடு ஒப்பிட்டு 82 என்கிறது? இதை விற்றவரிடம் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். நானும் ஒருகாலம் கரண்ட் பில்லைப் பாதியாக்கும் என்று சொன்ன பெட்டி ஒன்றை வாங்கிச் செருகினேன், உள்ளே பச்சை விளக்கு மட்டும்தான் வேலை செய்தது. அதனால் உங்களைப் பழிக்க மாட்டேன்.

சரி, காசு. வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. தராவிட்டால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: இரவில் கொழும்புக்கு லொறி ஓடுகிறேன். நித்திரை வந்தால் கத்தும் தொப்பி வாங்கலாமா? (சாரதி, மாங்குளம்)

பதில்: வேண்டாம் அண்ணை. வழியில் நிறுத்திப் படுங்கள்.

கேள்வி: முகநூலில் பார்த்து முழுக்காசையும் வங்கியில் போட்டேன். பட்டி வரவில்லை. விற்றவரின் பெயரோ விலாசமோ தெரியாது, இப்போது போனும் எடுக்கிறார் இல்லை. (வவுனியா)

பதில்: தம்பி, விலாசம் தெரியாத ஆளுக்கு முழுக்காசு! சைக்கிள் வாங்கும்போது பெல்லைக் கூட அடித்துப் பார்க்கிறோமே. காசு போட்ட சீட்டோடு முதலில் பொலிஸ், அதே நாளில் வங்கி. இனிமேல் சாமான் கைக்கு வந்த பிறகு காசு.

கேள்வி: காசில்லாமல் பிள்ளைகளின் களைப்பை அளக்க வழி உண்டா? (ஆசிரியை, புதுக்குடியிருப்பு)

பதில்: உண்டு ரீச்சர். விளக்குத் தெரிந்ததும் அழுத்தும் சோதனை ஒன்று இருக்கிறது, ஆய்வாளர்கள் பத்து நிமிடம் வைப்பார்கள், அரை வினாடிக்கு மேல் பிந்தினால் அதை ஒரு தவறலாக எண்ணுவார்கள். அவ்வளவு நுணுக்கம் வகுப்புக்கு வேண்டாம். ஒரு அடிமட்டத்தை மேலிருந்து விடுங்கள், பிள்ளை விரலால் பிடிக்கட்டும், எத்தனை சென்ரிமீற்றரில் பிடித்தது என்று காலையில் பத்துத் தரமும் பின்னேரம் பத்துத் தரமும் குறியுங்கள். பின்னேரம் சென்ரிமீற்றர் கூடினால் களைப்பு. அந்தப் பிள்ளையின் காலையோடு அதே பிள்ளையின் பின்னேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள், பக்கத்து வாங்குப் பிள்ளையோடு அல்ல.