ஒரு மணி நேர யூவிக்குப் பிறகும் காலனி வந்தால், செவ்வாயில் பிழைக்கும் என்று அர்த்தமா?

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்களை (கடினமான சூழலைத் தாங்கும் அதன் உறங்குநிலை வடிவம்) 254 நானோமீட்டர் யூவி (புற ஊதா) விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வைத்தும் காலனி (பாக்டீரியா பெருகிய கூட்டம்) வளர்ந்தது, அப்படியானால் செவ்வாயின் தரையிலும் உயிர் தாங்கும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் பெட்ரி தட்டின் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். சாதாரண பிளாஸ்டிக், கண்ணாடி இரண்டுமே அந்த அலைநீளத்தைத் தடுத்துவிடும், குவார்ட்ஸ்தான் உள்ளே விடும்.

அடுத்தது, நீங்கள் படத்தில் காட்டிய அந்த வெள்ளை வளையம். ஸ்போர் கலந்த நீர்ச்சொட்டு காயும்போது ஸ்போர்கள் விளிம்புக்கு ஒதுங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. மேலடுக்கு செத்துக் குடையாகிறது, அடியில் இருப்பவை தப்பிக்கின்றன. சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் ஸ்போர்களுக்கு மேல் போகாமல் நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, பரவலாகத் தடவிக் காயவையுங்கள். அலுமினியத் தாளில் சுற்றிய இன்னொரு தட்டையும் பக்கத்திலேயே வையுங்கள், ஒப்பிட அது இல்லாமல் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

செவ்வாயில் 200 நானோமீட்டருக்கு மேற்பட்ட யூவி தரைவரை இறங்குகிறது. ஒற்றை அடுக்கு ஸ்போர்கள் அதில் பெரும்பாலும் நிமிடங்களில் அழிந்துவிடும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் தூசி மூடினாலே கதை மாறும். விண்வெளி நிலையத்துக்கு வெளியே ஜப்பானின் தன்போபோ சோதனையில், அரை மில்லிமீட்டர் தடிமனான டெய்னோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் படிவுகள் 3 ஆண்டுகள் தாங்கின.

தாங்குவது வேறு, பெருகுவது வேறு. அங்கே காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார். திரவ நீர் நிலைக்காது. மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பும் உண்டு, யூவி பட்டால் அதன் நச்சு கூடும். உங்கள் சோதனை, தாங்குமா என்ற முதல் கேள்விக்கு மட்டுமே பதில் தரும்.