நடுவில் ஒருத்தன்

அன்புள்ள ஐயா,

சிவில் முதுகலை படிக்கிறேன். மணல் நழுவாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் உராய்வுக் கோணம், அடர்ந்த மணலுக்கு ஷியர் பாக்ஸில் (பெட்டியின் ஒரு பாதியை மற்றதன்மேல் நகர்த்தும் சோதனை) ஒன்றாக வருகிறது, ட்ரையாக்சியல் அழுத்தச் சோதனையில் வேறொன்றாக. ‘ட்ரையாக்சியல் எண்ணையே போடு, மூன்று பக்கமும் அழுத்திப் பார்த்தது அதுதான்’ என்கிறார் கைடு. சரியா? இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா என்றும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

எதிர்காலம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் அந்தத் துறையை விட்டு ஓடி வந்தவன். ஷியர் பாக்ஸையும் விடுங்கள். மணல் எந்த இடத்தில் நழுவ வேண்டும் என்பதை அந்தப் பெட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் ‘மூன்று பக்கமும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியவில்லை. எதிர்மனையில் நீளமாக ஒரு தடுப்புச் சுவர் எழும்புகிறது. நாலு நாளாக அதைப் பார்த்துக்கொண்டு இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ட்ரையாக்சியல், அதாவது ‘மூன்று அச்சு’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறலாமா? ட்ரையாக்சியல் செல்லுக்குள் நிற்பது உருளை. சுற்றிலும் தண்ணீர். தண்ணீருக்குக் கிழக்கு மேற்கு தெரியாது, எல்லாப் பக்கமும் ஒரே அளவில்தான் நெருக்கும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மூன்றாவது பெயரில் மட்டும்.

என் படிப்புக் காலத்தில் லேபில் ஓர் அண்ணன் இருந்தார். எண்ணூர் மணலை (சிமென்ட் சோதனைக்கு நாடு முழுக்க அதுதான் தரமணல்) 38 மில்லிமீட்டர் ரப்பர் உறைக்குள் கரண்டி கரண்டியாகப் போட்டுத் தட்டி, வேக்குவம் கொடுத்து அச்சைப் பிரிப்பார். மணல் கல்தூண் மாதிரி தனியே நிற்கும். ஒருநாள் நானும் ‘மூணு பக்கமும் டெஸ்ட் பண்ணியாச்சுண்ணே’ என்று பீற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பழைய உறை ஒன்றில் மணலை இறுக்கி நிரப்பி, முடிச்சுப் போட்டு மேஜைமேல் நிறுத்தினார். ‘அமுக்கு.’ அமுக்கினேன், பிதுங்கியது. மறுபடி நிமிர்த்தி, எதிரெதிரே இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்துப் பிடித்துக்கொண்டார். ‘இப்ப அமுக்கு.’ உள்ளங்கை வலித்தது.

‘நடுவுல ஒருத்தன் இருக்கான் தம்பி. அவனை நீ கணக்குலயே சேக்கல.’

எதிர்மனைச் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருக்கும் மணல் சுவரின் நீளவாக்கில் நகர முடியாது, அந்தத் திசையில் அழுத்தம் தானாக ஏறிக்கொள்கிறது. பெரிய அழுத்தத்துக்கும் சிறியதற்கும் இடையில் நிற்கும் அதுதான் அண்ணன் சொன்ன ‘நடுவில் ஒருத்தன்’. அடர்ந்த மணலென்றால் அங்கே கோணம் ட்ரையாக்சியல் எண்ணைவிடச் சில டிகிரி கூடுதல். மண் எப்போது நழுவும் என்று சொல்ல நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் மோர்-கூலோம் விதிக்குப் பெரிய அழுத்தமும் சிறியதும் போதும். நடுவில் இருப்பது அதன் கண்ணிலேயே படாது.

1936-லேயே ஸ்வீடனின் ஷெல்மன் மூன்று திசையையும் தனித்தனியே அழுத்தும் கருவியைச் செய்துவிட்டார். 1973-ல் லேடு, டங்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவின் மான்டெரி மணலைக் கனசதுரமாக நிறுத்தி அழுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். சிக்கல் மூலையில்தான். மேல் தட்டு இறங்க இறங்கப் பக்கத் தட்டில் இடிக்கும். அதற்கு லேடு பக்கத் தட்டை எஃகும் பால்சா மரமும் மாறி மாறி அடுக்கிச் செய்தார். உயரவாக்கில் மணலோடு சேர்ந்து அதுவும் அமுங்கும், பக்கவாட்டில் விறைப்பாக நிற்கும். பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை! நடு அழுத்தத்தைச் சிறியதிலிருந்து ஏற்றினால் கோணமும் மளமளவென்று ஏறுகிறது. அது பெரியதை நெருங்கும்போது கோணம் மட்டமாகிறதா, இறங்குகிறதா என்பதில் கருவிக்குக் கருவி சண்டை.

உங்கள் கைடு சொல்லும் எண் குறைவானது, மணலைப் பலம் குறைந்ததாக எண்ணிக் கட்டுவதால் சுவர் விழாது. காரணம்தான் தப்பு. அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவைக்காதீர்கள். லேபில் பழைய உறை கிடைக்கும், செங்கல் வெளியே கிடக்கும். மணலை நன்றாகத் தட்டி நிரப்புங்கள். தளர்வாக இருந்தால் வித்தியாசம் கைக்குத் தெரியாது.